உன் மரை வேற, என் மரை வேற

இன்னைக்கு எபிசோடுக்கான ஐடியா நான் பேசிட்டு இருக்கிற இந்த மைக்குக்குக் கீழேயே இருந்துச்சு. இந்த மைக் வந்த டப்பாவுல சார்ஜிங் கேபிள், மேனுவல் எல்லாம் போக, ஒரு குட்டி பித்தளை வளையமும் இருந்தது. வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை. பாதிப் பேர் அது எதுக்குன்னே தெரியாம டப்பாவோட தூக்கிப் போட்டுடுவாங்க.

அது எதுக்குன்னா, அமெரிக்க மைக் ஸ்டாண்டுகளோட மரை எட்டில் ஐந்து இன்ச் விட்டம், ஒரு இன்ச்சுக்கு 27 சுத்து. ஐரோப்பிய ஸ்டாண்டுகள்ல எட்டில் மூணு இன்ச், ஒரு இன்ச்சுக்கு 16 சுத்து. ரெண்டும் ஒத்துப்போகவே போகாது. மைக் கம்பெனிக்காரங்க யாரையும் சமாதானப்படுத்தப் போகாம, நடுவுல ஒரு வளையத்தைப் போட்டு அனுப்பிடறாங்க. இதுல வேடிக்கை, ஐரோப்பா முழுக்க மெட்ரிக்ல வாழுற ஊரு. ஆனா அவங்க மைக் ஸ்டாண்டு இன்ச்சுல இருக்கு. ஏன்னு கேட்டா 180 வருஷம் பின்னாடி போகணும். போவோம்.

அதுக்கு முன்னாடி மரைன்னா என்னன்னு பார்த்துடலாம். ஸ்க்ரூவுல சுத்திச் சுத்தி ஏறுற மேடு பள்ளம்தான் மரை. 'மரை கழண்ட கேஸ்'னு திட்டுவோமே, அதே மரை. ஒரு மரைக்கு மூணு குணம் உண்டு. ஒண்ணு, விட்டம். ரெண்டாவது, சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி. பட்டறையில 'பிட்ச்'னு சொல்வாங்க. மூணாவதுதான் யாரும் கவனிக்காதது: அந்தப் பள்ளத்தோட கோணம். பள்ளம் 'வி' மாதிரி இருக்கும்ல, அந்த 'வி' எவ்வளவு விரிஞ்சிருக்கு என்பது. விட்டம் தப்புன்னா உள்ளேயே போகாது, பிரச்சினை அங்கேயே முடிஞ்சிடும். பிட்ச் தப்புன்னா ரெண்டு சுத்துல இறுகி நிக்கும். கோணம் மட்டும் தப்புன்னா, முழுசா ஏறும், இறுகவும் இறுகும். எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். இன்னைக்கு நான் சொல்லப் போற கதைகள்ல பாதி இந்த 'மாதிரியே தெரியும்'ல வர்ற வினைதான்.

1841. இங்கிலாந்து. ஜோசப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர் பொறியாளர், லண்டன்ல சிவில் இன்ஜினியர்கள் சங்கத்துக்கு ஒரு கட்டுரை கொடுக்கிறார். அந்தக் காலத்துல ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கிட்டு இருந்தது. ஒரு பட்டறையில செஞ்ச போல்ட்டுக்கு நட்டு தொலைஞ்சா, அதே பட்டறைக்குத்தான் போகணும். விட்வொர்த் என்ன பண்ணார்னா, நாடு முழுக்க இருந்த பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளைச் சேகரிச்சு, எல்லாத்தையும் அளந்து, ஏறக்குறைய சராசரி எடுத்தார். கோணம் 55 டிகிரி. மேட்டையும் பள்ளத்தையும் லேசா உருட்டி விட்டார். ஒவ்வொரு விட்டத்துக்கும் இத்தனை சுத்துன்னு ஒரு பட்டியல்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், அவர் 'இதுதான் சிறந்த மரை'ன்னு தத்துவம் பேசல. ஏற்கனவே எல்லாரும் செஞ்சுக்கிட்டு இருக்கிறதுக்கு நடுவுல ஒரு கோடு போட்டார். யாருக்கும் ரொம்ப தூரம் நகர வேண்டியிருக்கல. ரயில்வே கம்பெனிகள் எடுத்துக்கிட்டாங்க, பிறகு மத்தவங்களும். பிரிட்டிஷ் கப்பல் போன இடமெல்லாம் விட்வொர்த் மரையும் போச்சு. நம்ம ஊருக்கும் வந்தது.

அடுத்து 1864, அமெரிக்கா, ஃபிலடெல்ஃபியா. வில்லியம் செல்லர்ஸ் என்ற மெஷின் தயாரிப்பாளர் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்ல எழுந்து நின்னு, விட்வொர்த் மரை நமக்கு வேண்டாம்னு சொல்றார். அவர் காரணம் ரொம்ப நடைமுறையானது. அந்த உருட்டின முனையைச் சரியா வெட்டணும்னா பல கட்டர் வேணும், கைதேர்ந்த ஆள் வேணும். என் மரை 60 டிகிரி, முனை தட்டை. சாதாரணத் தொழிலாளி ஒரே கட்டர்ல வெட்டிடுவார். 60 டிகிரின்னா சமபக்க முக்கோணம், சரிபார்க்கிறதும் சுலபம். இங்கிலாந்துல தேர்ந்த கைவினைஞர்கள் இருந்தாங்க. அமெரிக்காவுல வேலை நிறைய, தேர்ந்த ஆள் குறைவு. வெறும் 5 டிகிரி வித்தியாசத்துக்குப் பின்னாடி இருந்தது ரெண்டு நாட்டு லேபர் மார்க்கெட். அமெரிக்கக் கடற்படையும் பென்சில்வேனியா ரயில்ரோடும் செல்லர்ஸ் மரையை எடுத்துக்க, அங்கே அது ஊரறிஞ்சதாயிடுச்சு.

இதுல ஒரு சின்ன கொடுமை இருக்கு. ரெண்டு பட்டியல்லயும் பெரும்பாலான அளவுகளுக்கு இன்ச்சுக்கு எத்தனை சுத்து என்பது ஒரே எண்தான். கால் இன்ச்சுக்கு ரெண்டுலயும் 20. எட்டில் மூணுக்கு ரெண்டுலயும் 16. அரை இன்ச்சுக்கு மட்டும் விட்வொர்த் 12, அமெரிக்கா 13. அதாவது அரை இன்ச் போல்ட்டு உங்ககிட்ட நேர்மையா சண்டை போடும், ஏற மாட்டேன்னு நிக்கும். மத்த அளவுங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே ஏறிடும், கோணம் மட்டும் உள்ளுக்குள்ள ஒத்துக்காது. லேசான வேலைக்கு ஓடும். பளு ஏறுற இடத்துல நம்ப முடியாது.

அமைதிக்காலத்துல இதெல்லாம் எரிச்சல் மட்டும்தான். இரண்டாம் உலகப் போர்ல வேற விஷயமாயிடுச்சு. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தோட மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவுல பேக்கார்ட் கார் கம்பெனி தயாரிக்க ஒப்புக்கிட்டது. அந்த இன்ஜின் முழுக்க பிரிட்டிஷ் மரை. அதை வெட்டுற டேப், டை எதுவுமே அமெரிக்காவுல கடையில கிடைக்கல. பேக்கார்ட் அந்தக் கருவிகளையே தனியா உண்டாக்க வேண்டியிருந்தது. மரையை அமெரிக்க மரையா மாத்தியிருக்கலாமேன்னு தோணும். மாத்தினா டெட்ராய்ட்ல செஞ்ச இன்ஜினுக்கு இங்கிலாந்து விமானத்தளத்துல இருக்கிற மெக்கானிக்கோட ஸ்பேனரும் நட்டும் பொருந்தாது. ஒரே பக்கம் நின்னு சண்டை போடுற ரெண்டு ராணுவம், ஒருத்தர் போல்ட்டை இன்னொருத்தர் கடன் வாங்க முடியல.

போர் முடிஞ்சு, 1948 நவம்பர் 18 அன்னைக்கு வாஷிங்டன்ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணு நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரு பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டாங்க. யூனிஃபைட் மரைன்னு பேர். கோணம் 60. அந்த விஷயத்துல செல்லர்ஸ் ஜெயிச்சார்னு வெச்சுக்கலாம். அதே சமயம் ஐஎஸ்ஓ-ன்னு இன்னைக்கு எல்லா டப்பாவுலயும் பார்க்கிறோமே, அந்த உலகத் தர அமைப்பு 1947-ல தொடங்கினப்ப, அதோட முதல் தொழில்நுட்பக் குழுவுக்குக் கொடுத்த வேலையே திருகு மரைதான். இன்னைக்கும் அதுக்குப் பேர் டிசி 1. நாம இப்ப பயன்படுத்துற எம் 6, எம் 8 மெட்ரிக் மரைகளும் 60 டிகிரிதான். பிரிட்டன்ல 1965-ல அவங்க தர நிறுவனமே விட்வொர்த் மரையைக் காலாவதியானதுன்னு அறிவிச்சிடுச்சு.

ஆனா காலாவதின்னு அறிவிச்சா எல்லாரும் விட்டுடுவாங்களா? மைக் ஸ்டாண்டு விடல. கேமரா விடல. உங்க ட்ரைபாட், கிம்பல், செல்ஃபி ஸ்டிக் எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. ஜப்பான்ல செஞ்ச கேமரா, சீனாவுல செஞ்ச ட்ரைபாட், நடுவுல இருக்கிற திருகு கால் இன்ச், இன்ச்சுக்கு 20 சுத்து. மில்லிமீட்டர்ல சிந்திக்கிற நாடுகள் எல்லாம் இந்த ஒரு இடத்துல மட்டும் இன்ச்சுக்குத் தலைவணங்குது. மாத்துறதுல லாபம் இல்ல, அவ்வளவுதான்.

சரி, எரிச்சல் ஆபத்தா மாறின இடத்துக்கு வருவோம். 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்தோட வணிகப் பகுதியில தீ. பக்கத்து ஊர்களுக்குத் தந்தி போகுது. வாஷிங்டன்ல இருந்து தீயணைப்பு வண்டிகளை ரயில்ல ஏத்தி அனுப்புறாங்க, சீக்கிரமே வந்தும் சேர்ந்துடறாங்க. ஃபிலடெல்ஃபியா, நியூயார்க்ல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. வந்து ஹோஸை எடுத்து பால்டிமோர் ஹைட்ரன்ட்ல மாட்டினா, பொருந்தல. விட்டம் வேற, மரை வேற. கான்வாஸ் துணியைச் சுத்திக்கூடப் பார்த்தாங்க. தண்ணி இருக்கு, பம்ப் இருக்கு, ஆள் இருக்கு, தெருவுல நின்னு பார்க்கத்தான் முடிஞ்சது. ஒரு நாளுக்கு மேல எரிஞ்சது. 1,500-க்கும் அதிகமான கட்டடங்கள் போச்சு.

பிறகு விசாரிச்சுப் பார்த்தா, அமெரிக்காவுல மட்டும் 600-க்கும் மேற்பட்ட வகை ஹோஸ் இணைப்புகள் புழக்கத்துல இருந்ததாம். அடுத்த வருஷமே தேசியத் தரம் ஒண்ணு வந்தது: இரண்டரை இன்ச், இன்ச்சுக்கு ஏழரைச் சுத்து. ஆனா தரம்னு எழுதி வைக்கிறது ஒண்ணு, ஊர்ல இருக்கிற ஆயிரக்கணக்கான ஹைட்ரன்ட்டை மாத்துறது இன்னொண்ணு. 1991 அக்டோபர்ல கலிஃபோர்னியாவோட ஓக்லாண்டு மலைப்பகுதியில காட்டுத்தீ வீடுகளுக்குள்ள இறங்கினப்ப, வெளியூர்ல இருந்து உதவிக்கு வந்த வண்டிகளோட ஹோஸ் இரண்டரை இன்ச், ஓக்லாண்டு ஹைட்ரன்ட் மூணு இன்ச். அடாப்டர் இல்லாத வண்டிகள் மாட்ட முடியாம நின்னுச்சு. அந்தத் தீயில 25 பேர் செத்துப்போனாங்க. காத்து, வறட்சி, குறுகலான ரோடுன்னு காரணம் பல. எல்லாத்தையும் மரை மேல போட முடியாது. ஆனா 87 வருஷம் கழிச்சும் அதே காட்சியான்னு கேட்காம இருக்க முடியல.

நம்ம ஊர்ல எப்படி? நீங்க அபார்ட்மென்ட்லயோ ஐடி பார்க்லயோ இருந்தா, படிக்கட்டுப் பக்கத்துல ஒரு சிவப்புக் குழாயும், அதுல ஒரு வால்வும் இருக்கும். அடுத்த தடவை கிட்டப் போய்ப் பாருங்க. ஹோஸ் மாட்டுற வாய்ல மரையே இருக்காது. 63 மில்லிமீட்டர், உள்ளே தள்ளினா 'க்ளிக்'னு பிடிச்சுக்கும், ரெண்டு காதை இழுத்தா விட்டுடும். பிரிட்டிஷ் வழியா வந்த ஏற்பாடு இது. 'இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங்'னு பேர். புகை நடுவுல, இருட்டுல, கையுறை போட்ட கையால மரை தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்ல. மரைச் சண்டைக்கு இதைவிட நல்ல தீர்ப்பு எனக்குத் தெரிஞ்சு இல்ல: மரையே வேண்டாம்.

இதே சண்டை எங்க வீட்டு மொட்டை மாடியிலயும் நடந்தது, உயிர்ச்சேதம் இல்லாம. எங்க அக்கா நியூஜெர்சியில இருந்து வரும்போது அம்மாவோட மாடித்தோட்டத்துக்கு ஒரு ஸ்ப்ரே நாசில் கொண்டு வந்தாங்க. எட்டு விதமா தண்ணி பீச்சும். டப்பாவுல 'முக்கால் இன்ச்'னு போட்டிருந்தது. எங்க மாடிக் குழாயும் முக்கால் இன்ச். ஒரு சுத்து ஏறுச்சு, ஒன்றரை ஏறுச்சு, நின்னுடுச்சு. சுத்தியும் தண்ணி பீச்சுது, எட்டு விதத்துல எதுவுமே இல்லாத ஒன்பதாவது விதமா.

ரெண்டு முக்கால் இன்ச்சுக்கும் என்ன வித்தியாசம்? நம்ம பைப் மரை விட்வொர்த் வழி, 55 டிகிரி, இன்ச்சுக்கு 14 சுத்து. வெளி விட்டம் 26.4 மில்லிமீட்டர். அமெரிக்கத் தோட்டக் குழாய் மரை 27 மில்லிமீட்டர், ஆனா இன்ச்சுக்கு பதினொன்றரைச் சுத்துதான். விட்டத்துல அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்கிறதால ஆரம்பத்துல ஏத்துக்கும். பிட்ச் வேறங்கிறதால தொடர விடாது.

கவனிச்சீங்களா, முக்கால் இன்ச்னு சொல்லிட்டு 26 மில்லிமீட்டர்ங்கிறேன். முக்கால் இன்ச்னா 19 மில்லிமீட்டர்தானே வரணும்? அரை இன்ச் பைப் மரையை ஸ்கேல் வெச்சு அளந்தா 21 மில்லிமீட்டர் வரும். அரை இன்ச் அதுல எங்கேயுமே இருக்காது. அந்தப் பேர், ஒரு காலத்துல இரும்புக் குழாயோட உள்ளே தண்ணி ஓடுற துவாரத்தைக் குறிச்சது. இரும்பு தரம் உயர்ந்து குழாய்ச் சுவர் மெலிஞ்சுது. மரை வெளியே இருக்கிறதால வெளி விட்டத்தை மாத்த முடியல. பேர் மட்டும் அப்படியே தங்கிடுச்சு. அதனாலதான் எந்த பிளம்பரும் பைப்பை அளக்க மாட்டார். கண்ணால பார்த்தே 'அரை இன்ச்சு'ன்னுடுவார். அவர் சொல்றது அளவு இல்ல, பேரு.

நம்ம பட்டறை மொழியிலயே இன்ச்சு எவ்வளவு ஆழமா உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. 1956-லயே மெட்ரிக் சட்டம் வந்தாச்சு. ஆனா இன்னைக்கும் கட்டட வேலையில கம்பி 'ரெண்டு நூல்', 'மூணு நூல்', 'நாலு நூல்'தான். ஒரு நூல்னா எட்டில் ஒரு இன்ச். கடைக்காரர் பில்லுல 12 எம்எம்னு எழுதுவார், வாயில நாலு நூல்னு சொல்வார். ரெண்டும் சரியா ஒண்ணு இல்ல, 0.7 மில்லிமீட்டர் இடிக்கும். கான்கிரீட்டுக்குள்ள புதைக்கிற கம்பிக்கு அது பரவாயில்ல. நட்டுக்குப் பரவாயில்லன்னு சொல்ல முடியாது.

அக்காவோட நாசிலுக்கு வழி கிடைச்சது ஒரு லேத்துப் பட்டறையில. லிங்கிச் செட்டித் தெருவுல ரெண்டு மூணு கடை ஏறி இறங்கியும் ரெடிமேடா அடாப்டர் கிடைக்கல. அப்புறம் ஒரு லேத்துக்காரர்கிட்ட போனேன். "தம்பி, ஒரு பக்கம் நம்ம மரை, ஒரு பக்கம் அவன் மரை, அவ்ளோதானே?"ன்னு கேட்டார். பித்தளைக் கட்டை ஒண்ணை எடுத்து மாட்டினார். லேத்து முகப்புல ஒரு தகடு ஒட்டியிருந்தது. எத்தனை சுத்து வேணும்னா எந்த லிவரை எங்கே வைக்கணும்ங்கிற பட்டியல். அதுல 14-ம் இருந்தது, பதினொன்றரையும் இருந்தது. அமெரிக்க ஒரு இன்ச் பைப் மரைக்கும் பதினொன்றரைதான் வேணும்ங்கிறதால அந்த எண் பல லேத்துகள்ல இருக்கும்.

நான் வேடிக்கை பார்த்துக்கிட்டு, மில்லிமீட்டர் மரை வேணும்னா என்னண்ணே பண்ணுவீங்கன்னு கேட்டேன். அவர் மூலையில துணி சுத்தி வெச்சிருந்த ஒரு பெரிய கியரைக் காட்டினார். "127 பல்லு. இதை மாட்டினா மெட்ரிக்கு." எனக்கு உடனே புரியல. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். பின்னம் இல்லாம முழு எண்ணா வேணும்னா, அஞ்சால பெருக்கணும்: 127. அஞ்சு இன்ச்சு, 127 மில்லிமீட்டர். 127 பகா எண், வேற எதாலயும் வகுக்க முடியாது. அதனால சின்ன கியர்கள் ரெண்டைச் சேர்த்து ஏமாத்த முடியாது. துல்லியமா வேணும்னா 127 பல்லே வேணும். இன்ச் உலகத்துக்கும் மில்லிமீட்டர் உலகத்துக்கும் நடுவுல உள்ள பாலம், அந்தப் பட்டறை மூலையில எண்ணெய்த் துணியில சுத்திக் கிடந்தது. ஐநூறு ரூபாய் வாங்கினார். நாசில் இப்ப நல்லா வேலை செய்யுது. அம்மா ஒரே ஒரு விதத்துலதான் தண்ணி விடறாங்க, அது வேற கதை.

இப்ப ஸ்பேனர். இது நிறைய பேர் கேட்ட கேள்வி. ஜப்பான் பைக்குல வேலை செய்ற மெக்கானிக்கோட பையில 10, 12, 14, 17 இருக்கும். ஜெர்மன் கார்ல வேலை செய்றவர்கிட்ட 10, 13, 17, 19. ரெண்டுமே மெட்ரிக்தானே, ஏன் வித்தியாசம்? மரை ஒண்ணுதான். எம் 8 போல்ட்டோட மரை ரெண்டு ஊர்லயும் அதேதான். தலைதான் வேற. ஜப்பான் தரத்துல எம் 8-க்குத் தலை 12 மில்லிமீட்டர் வரைக்கும் சின்னதா செய்றாங்க, ஜெர்மனியில 13. எம் 10-க்கு ஜப்பான் 14, பழைய ஜெர்மன் தரம் 17, ஐஎஸ்ஓ 16. ஒரே போல்ட்டுக்கு மூணு தொப்பி. தலையோட அகலத்தைத்தான் ஸ்பேனர் மேல எழுதியிருக்கும், போல்ட்டோட விட்டத்தை இல்ல.

அதுலயும் பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர் நேர் எதிர். அதுல எழுதியிருக்கிறது போல்ட்டோட விட்டம். 'கால் விட்வொர்த்'னு எழுதின ஸ்பேனரோட வாய் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். இது ஏன் நமக்கு முக்கியம்? 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. திருவொற்றியூர் ஃபேக்டரியில இருந்து வந்த புல்லட்டுல இங்கிலாந்து டிசைனோட பிரிட்டிஷ் மரையும் கூடவே வந்தது. இங்கிலாந்து அதைக் காலாவதின்னு சொன்ன பிறகும் இங்கே ரொம்ப காலம் ஓடுச்சு. நடுவுல கொஞ்சம் கொஞ்சமா மெட்ரிக் கலந்துச்சு. அதனால ஒரே வண்டியில ரெண்டு உலகமும் இருக்கும். 13.3 மில்லிமீட்டர் தலைக்கு 13 ஸ்பேனர் போகாது. 14 போகும், ஆனா லூஸா பிடிச்சு மூலையை உருட்டிடும். மூலை உருண்ட புல்லட் போல்ட்டு எத்தனையோ தாத்தா வண்டிகள்ல பார்த்திருப்பீங்க. புதுப்பேட்டையில ஒரு பெரியவர் சொன்னார், "வண்டி கெட்டதில்ல தம்பி, ஸ்பேனர்தான் கெடுத்தது."

ஸ்க்ரூ தலைக்கும் இதே நிலைமை. எங்க தாத்தா ஸ்க்ரூ டிரைவரைத் திருப்புளின்னுதான் சொல்வார், அழகான சொல். நாம 'ஸ்டார் திருப்புளி'ன்னு ஒரே பேர்ல கூப்பிடுறதுக்குள்ள குறைஞ்சது மூணு ஜாதி இருக்கு. 1930-கள்ல அமெரிக்காவுல வந்த ஃபிலிப்ஸ். அதோட உறவுக்காரன், ஐரோப்பாவுல அதிகம் பார்க்கிற போஸிடிரைவ். தலையில கூட்டல் குறிக்கு நடுவுல குறுக்கா நாலு மெல்லிய கீறல் இருந்தா அது. மூணாவது, ஜப்பானோட ஜேஐஎஸ். பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரியேதான். ஆனா பள்ளத்தோட அடிவடிவம் லேசா வேற, அதனால ஃபிலிப்ஸ் திருப்புளி அடிவரைக்கும் இறங்கி உட்காராது. அழுத்தித் திருப்பினா மேலே ஏறி நழுவி, தலையை மழிச்சிடும். ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கிறவங்க, இன்ஜின் பக்கவாட்டு கவர் ஸ்க்ரூவையும் கார்புரேட்டர் ஸ்க்ரூவையும் நினைச்சுப் பாருங்க. 'ஜப்பான் ஸ்க்ரூ மெட்டல் சாஃப்ட்'னு ஒரு நம்பிக்கை உண்டு. பல நேரம் திருப்புளிதான் தப்பு. ஜப்பான் ஸ்க்ரூ பலதுல தலையில ஒரு குட்டிப் புள்ளி இருக்கும், அதைப் பார்த்தா ஜேஐஎஸ் திருப்புளி எடுங்க. அந்தத் திருப்புளி ஃபிலிப்ஸ்லயும் ஓரளவு நல்லாவே உட்காரும், அதனால ஒண்ணுதான் வாங்கணும்னா அதையே வாங்கலாம்ங்கிறது என் கட்சி.

'கிட்டத்தட்ட பொருந்தும்' என்பதோட உச்சம் 1990 ஜூன் 10. இது ரெண்டு நாட்டுச் சண்டை இல்ல, ஒரே தரத்துக்குள்ள பக்கத்துப் பக்கத்து நம்பர். ஆனா இதைச் சொல்லாம விட மனசு வரல. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்ஹாம்ல இருந்து ஸ்பெயினோட மாலகாவுக்கு. சுமார் 17,000 அடி உயரத்துல கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிச்சுக்கிட்டுப் போச்சு. கேப்டன் டிம் லங்காஸ்டரோட உடம்பு இடுப்பு வரைக்கும் வெளியே. விமானப் பணியாளர் நைஜல் ஆக்டன் ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். பிறகு மத்தவங்க மாறி மாறிப் பிடிச்சாங்க. துணை பைலட் அலஸ்டர் அட்சிசன் சவுதாம்டன்ல இறக்கினார். கேப்டன் உட்பட எல்லாரும் பிழைச்சாங்க.

முந்தின நாள் ராத்திரி அந்தக் கண்ணாடியை மாத்தியிருந்தாங்க. 90 போல்ட்டுல 84 தப்பு. எவ்வளவு தப்பு? விட்டத்துல 0.66 மில்லிமீட்டர் குறைவு. இன்ச்சுக்கு 32 சுத்துங்கிறது ரெண்டு போல்ட்டுக்கும் ஒண்ணுதான், அதனால ஏறுச்சு. பழைய போல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு, மங்கலான வெளிச்சத்துல, கண்ணால பார்த்து ஜோடி சேர்த்திருக்காங்க. பட்டியலைப் பார்த்து எடுக்கல. இன்னொரு விஷயமும் விசாரணையில வந்தது. கழட்டின பழைய போல்ட்டுகளே கொஞ்சம் நீளம் குறைஞ்ச தப்பான போல்ட்டுதான், அது வருஷக்கணக்கா தாங்கிக்கிட்டு இருந்திருக்கு. அந்த ராத்திரி மத்த எந்தப் பாகமும் 'நான் இல்ல'ன்னு சொல்லல. அரை இன்ச் போல்ட்டு மாதிரி ஏறமாட்டேன்னு நின்னிருந்தா காலையில விமானமே கிளம்பியிருக்காது.

பிசி அசெம்பிள் பண்றவங்களுக்கு ஒரு சின்ன குறிப்பு. கேபினெட்டோட வர்ற பாக்கெட்ல ரெண்டு ஜாதி ஸ்க்ரூ கலந்து கிடக்கும். மரை அகலமா, முரடா இருக்கிறது அமெரிக்க 6-32. பவர் சப்ளைக்கும் பெரிய ஹார்ட் டிஸ்குக்கும். மரை நெருக்கமா இருக்கிறது எம் 3, சின்ன எஸ்எஸ்டிக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாலே தெரியும். ஆப்பிள் 2009-ல கொண்டு வந்த அஞ்சிதழ் ஸ்க்ரூ பத்தித் தனியா ஒரு எபிசோடே பண்ணலாம். பழைய வேறுபாடுகள் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வளர்ந்தது. இது நீங்க திறக்கக்கூடாதுன்னு தெரிஞ்சே செஞ்சது. என்னைப் பொறுத்தவரை ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியாது.

கடைசியா, போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "ப்ரோ, அப்பாவோட பழைய புல்லட்டை நானே கழட்டி மாட்டலாம்னு இருக்கேன், என்ன டூல்ஸ் வாங்கணும்?" முதல்ல வண்டி எந்த இன்ஜின்னு பாருங்க. பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின்னா, மெட்ரிக் ரிங் ஸ்பேனர் செட்டோட ஒரு விட்வொர்த் செட்டும் கண்டிப்பா வேணும். புதுசா கிடைக்கலன்னா புதுப்பேட்டையில பழசு தேடலாம். வாய் விரியாம இருக்கான்னு பார்த்து வாங்குங்க. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வீட்டுலயே விட்டுட்டு வாங்க. ஒரு பிட்ச் கேஜ் வாங்கிக்கோங்க, சின்ன ரம்பம் மாதிரி இலை இலையா இருக்கும். 55 டிகிரிக்கு ஒண்ணு, 60-க்கு ஒண்ணுன்னு ரெண்டும் இருக்கிற செட்டா கேளுங்க. கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் அதோட நட்டுலயே திருப்பி மாட்டி, கவர்ல போட்டு, எந்த இடம்னு எழுதி வைங்க. திருப்பி மாட்டும்போது முதல் மூணு சுத்து விரலால மட்டும். விரலால ஏறலன்னா ஸ்பேனரைத் தொடாதீங்க, வேற போல்ட்டைத் தேடுங்க. அப்பாகிட்ட முதல்ல கேட்டுட்டீங்கள்ல?